எங்கும் செருகப்படாதது

காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி
ஆற்காடு போகும் பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடித்து
மடியில் லேப்டாப்பைத் திறந்து
ஒரு பொய்யை எழுதிக்கொண்டு வந்தேன்.

சின்னப் பொய்தான். முந்நூறு வரி.
மிச்சத்தை ஒரு நூலகம் பார்த்துக்கொள்கிறது,
யாரோ எங்கோ சம்பளமில்லாமல் கட்டி வைத்த
உதவி நிரல்களின் மூட்டை.
எந்தப் படிவத்தை எந்த வரிசையில்
கெர்னலிடம் நீட்ட வேண்டும் என்று அதற்குத் தெரியும்,
சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் வாசலில்
மனு எழுதித் தருகிறவரைப் போல.

பெயர் என்ன?
தயாரிப்பாளர் எண் என்ன?
எந்தெந்த விசை உன்னிடம் உண்டு?
முன்கூட்டியே சொல்லிவிடு, பிறந்த பிறகு
ஒன்றைக்கூடச் சேர்க்க முடியாது.
சொன்னால் போதும்.
பிளாஸ்டிக் இல்லை, ஒயர் இல்லை,
ஆனாலும் கம்ப்யூட்டரில் ஒரு மவுஸ் இருக்கிறது.

பாலாற்றுப் பாலம்.
கீழே மணல், முள்செடி, கிரிக்கெட்.
பாலம் இருப்பதால் ஆறு இருக்கிறது.

முள்ளுக் கத்தரிக்காய்ப் பையோடு பக்கத்தில் இருந்தவர்
திரையை எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது?"
"மவுஸ் செய்யறேன்."
"ரிப்பேரா?"
"ஆமாங்க."

மேல்விஷாரத்தில் முக்தார் காத்திருந்தார்.
ராணிப்பேட்டை தோல் ஷெட்டில் கணக்கு எழுதியவர்.
பைபாஸில் ஒரு மழை, ஒரு டேங்கர்,
அதன்பின் கழுத்துக்குக் கீழே எதுவும் பேச்சைக் கேட்பதில்லை.
உதட்டோரம் குழாய் பொருத்தினோம்.
ஊதினால் இடது கிளிக், உறிஞ்சினால் வலது.
சென்சார் ரிச்சி தெருவில் இருநூற்று நாற்பது ரூபாய்.

முதல் சனிக்கிழமை ஊதினார். ஒன்றும் நடக்கவில்லை.
மறுபடி ஊதினார். முகம் சிவந்தது.
நான் மறந்தது ஒரே ஒரு வரி:
ஒவ்வொரு சேதிக்குப் பிறகும்
'சொல்லி முடித்தேன்' என்று ஒரு முற்றுப்புள்ளி அனுப்ப வேண்டும்.
அது வரும்வரை கெர்னல் கேட்டுக்கொண்டே இருக்கும்,
எதுவும் செய்யாமல்.

அடுத்த சனி, எழுத்துக்குப் போனோம்.
நான் கிளம்புகிற நேரம் ஊதினார், நடுவே இருமினார்.
விசை அழுந்தியதை என் நிரல் சொன்னது.
விடுபட்டதைச் சொல்லவில்லை.
மறுநாள் காலை அவர் மனைவி ஷமீமா போன் செய்தார்:
"ராத்திரி பூரா 'க' ஓடியிருக்கு. எண்ணூத்திப் பன்னெண்டு பக்கம்."
மன்னிப்புக் கேட்கப் போனை அவர் காதில் வைக்கச் சொன்னேன்.
"இருக்கட்டும்மா" என்றார் முக்தார்.
"ரெண்டு வருஷத்துல இவ்ளோ நேரம்
எதையும் நான் அழுத்திப் புடிச்சதில்ல."

மூன்றாம் சனி பெயர் கேட்டேன்.
அதுவரை அது 'சோதனை ஒன்று'.
கை என்பார், இல்லை மகள் பெயர் சொல்வார் என்று நினைத்திருந்தேன்.
யோசிக்கவேயில்லை அவர்.
"டி.என். இருபத்து மூணு. நாலு நாலு ஒண்ணு ஏழு."

காகிதப்பட்டறையில் எடைக்குப் போன பைக்.
இன்சூரன்ஸ்காரர்கள்கூட மூடிவிட்ட நம்பர்.

பெயரை மாற்ற முடியாது. அழித்துவிட்டுப்
புதிதாகத்தான் பிறப்பிக்க வேண்டும்.
பிறந்தது.
சாதனப் பட்டியலில், கீபோர்டுக்கும் கேமராவுக்கும் நடுவில்,
எந்தத் துளையிலும் செருகப்படாமல்
டி.என். 23 வந்து நின்றது.

கரண்ட் போனால் இதுவும் போய்விடும்,
அடையாளமே இருக்காது என்றேன்.
"இன்னிக்கு ஷட்டவுன் எத்தனை மணிக்கு, ஷமீமா?"
"பத்துக்கு."
"இப்ப?"
"எட்டே முக்கால்."

குழாயைக் கவ்வினார்.
கணக்குத் தாள் திறந்தது.
முதல் கட்டத்தில் நின்று
ஒவ்வொரு எழுத்தாக ஊதினார்:
பா
ல்
பா
க்
கி
அதற்குள் மணி ஒன்பதே கால்.
தொகையைக் கேட்டு ஷமீமாவைப் பார்த்தார்.